வாசல் பக்கத்து மூலை

ஒப்ராத்துக்கு ஒரு வசனம் உண்டு. உஸிட்சே வட்டாரத்தில் மருந்துக்கடையோ மாவு மில்லோ பால்பண்ணையோ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடமோ, எங்கே எடை மெஷின் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருவான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவான். குனிந்து பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், எடைக்கல்லைத் துணியால் பிடித்து வைப்பான். பிறகு நிமிர்ந்து, சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வான்: "மெஷின் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். மூச்சு விட்டாலே எண் ஓடுகிற நுண்தராசை ஏசிக்கு நேர் கீழே வைத்துவிட்டு, "ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது மாஸ்டர்" என்று ஆய்வுக்கூடத்தில் அழுவார்கள். மாவு மில்லில் மேடைக்கு அடியில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். பால்பண்ணையில் எடை போடுகிறவரே தன் தொப்பையை மேடை விளிம்பில் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஒப்ராத் ஒருவரையும் விடமாட்டான். "நாலு மூலையிலயும் கல்லு வெச்சுப் பாத்தீங்களா? நடுவுல மட்டும் வெச்சுப் பாக்குறது வேலையா? அது சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று படித்த டாக்டரம்மாவையே விரட்டியிருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தம் என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வசனத்தை பிரெஸ்னிட்சாவில் போயும் சொன்னான். அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பிரெஸ்னிட்சாவில் ராஸ்பெர்ரியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பழம் பழுக்கிற மாதத்தில் ஊரே காலையில் தோட்டத்தில் குனியும். சாயங்காலம் பெட்டி பெட்டியாக டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கொள்முதல் கொட்டகைக்கு வரும். கொட்டகை, குளிர்கிடங்கு முதலாளி திஹோமிருடையது. அங்கே தராசில் நிற்கிறவன் விதோயே. பழத்தோடு பெட்டியை நிறுத்து, வெறும் பெட்டியின் எடையைக் கழித்துச் சொல்வது அவன் வேலை. கழிக்கிற எண்ணை அவன் கையால்தான் தட்டவேண்டும். ஆகவே அந்த வேலைக்கு நாணயமான ஆள் வேண்டும், விதோயேவை விட்டால் ஆள் இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, அந்த வருஷம் வரைக்கும்.

விதோயேவுக்கு ஒப்ராத் கூம் முறை, விதோயேவின் மனைவி அவனுக்குக் கூமா. விதோயேவின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மோதிரம் பிடித்தவன் அவன். விதோயேவின் மகளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கிப் பெயர் வைத்தவனும் அவன்தான். தாய்மாமன், சம்பந்தி, உயிர்ச் சிநேகிதன் மூன்றையும் சேர்த்துக் குழைத்தாலும் ஒரு கூமுக்கு ஈடாகாது. அண்ணன் தம்பி வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம், அதை ஊர் பொறுக்கும். கூமிடம் ஒருவன் குரலை உயர்த்தினால் ஊர் காறித் துப்பும்.

கூம் வீட்டுக்கு வந்தால் அவனை வேலை செய்ய விடுவதும் இல்லை. அதுவும் ஒரு முறை. வாசலில் கால் வைத்ததும் பிளம் சாராயம், அடுத்தது காப்பி, அடுத்தது சாப்பாடு. அந்தக் கொட்டகைத் தராசை ஒப்ராத்தான் வருஷா வருஷம் பார்த்துவந்தான். பார்த்தான் என்பதைவிட, விதோயே வீட்டில் சாப்பிடப் போகும் வழியில் எட்டிப்பார்த்தான் என்று சொல்லவேண்டும். சொந்த வீட்டு மெஷின்தானே என்ற நினைப்பு.

பழக்காலம் தொடங்கிய கொஞ்ச நாளில் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டில் நிறுத்துக் கொண்டுவந்தால் கொட்டகையில் எடை குறைகிறது. திஹோமிர் முதலாளி ஒப்ராத்தைக் கூப்பிட்டார். சாயங்கால வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒப்ராத் தன் எடைக்கற்களை மேடை நடுவில் அடுக்கினான். கிராம் பிசகவில்லை. பக்கத்திலேயே இருந்த விதோயே வீட்டுச் சமையல்கட்டிலிருந்து மீன் பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து, பழக்கதோஷத்தில், தன் வசனத்தை எடுத்துவிட்டான்.

வரிசை கொல்லென்று சிரித்தது. விதோயேவும் சிரித்தான். கூமின் வாய் அவனுக்குத் தெரியாததா?

மறுநாள் காலையில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

*

ஊர்க் கோயிலின் பேதுரு திருநாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. விதோயேவின் மனைவி ஸாகோர்கா ஒப்ராத்துக்குப் போன் செய்தாள். தாழ்ந்த குரலில் பேசினாள்.

"கூமே, நான் பேசுறது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்."

"என்ன கூமா, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மானம்தான் போயிடுச்சு. நீங்க அன்னிக்கு மெஷின் சரி, ஆளுதான் சரியில்லன்னு சொன்னீங்களா? அதையே பிடிச்சுக்கிட்டாங்க. மெஷின் சரின்னு கூமே சொல்லிட்டாரு, அப்ப பெட்டி எடையைக் கூடுதலாக் கழிக்கிறது இவன்தான்னு ஆகிப்போச்சு."

"அடக் கடவுளே, அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது."

"வேடிக்கையாத்தான் இருக்கு ஊருக்கு. ஸ்ரெதென் இருக்கானே, தினமும் தராசு முன்னாடி நின்னு 'விரலை எடு விதோயே, உன் விரலுக்கு வெயிட் ஜாஸ்தி'ன்னு கத்துறான். இதுல பெர்சாவுக்கு மட்டும் எடை சரியா வருதாம். புருஷன் செத்தவ, தனியா இருக்கா. அவளுக்கு மட்டும் ஏன் சரியா வருதுன்னு பொம்பளைங்க என் காதுபடவே கேக்குறாங்க. நானும் கேட்டுட்டேன் கூமே. இத்தனை வருஷம் ஒண்ணா இருந்துட்டு, அந்த மனுஷனைப் பாத்து நானும் கேட்டுட்டேன்."

ஒப்ராத் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"பேதுரு நாளைக்கு இந்த வருஷம் எங்க முறை. கோயில்ல ரொட்டி வெட்டி ஊருக்குக் குடுக்கணும். திருடன் கையால வெட்டின ரொட்டியை யாரு வாங்குவான்னு பேசிக்கிறாங்க. ஒருத்தரும் வரலன்னா அவர் தாங்கமாட்டார். எனக்குத் தெரியும். எப்படியாச்சும் அந்த மெஷினை இன்னொரு தடவை பாருங்க."

"மெஷின்ல ஒண்ணும் இல்ல கூமா. நான்தான் பாத்தேனே."

"பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி ஒப்ராத்தை அரிக்கத் தொடங்கியது. நடுவில் மட்டும் வைத்துப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவன் நினைவில் தட்டியது.

*

மறுநாள் மத்தியானம், ஊரே தோட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனான். ஸாகோர்கா சாவியைக் கொடுத்தாள். கொட்டகை காலியாக, புளித்த பழச்சாறு வாசனையோடு கிடந்தது. மூலையில் சிமென்ட் மூட்டைகள் இருந்தன. வசந்தத்தில் தரை போட்டபோது மிஞ்சியவை.

மேடை நடுவில் எடைக்கல்லை வைத்தான். சரியாகக் காட்டியது. நான்கு மூலைகளிலும் வைத்தான். அங்கேயும் சரி. அப்பாடா என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த அப்பாடாவுக்கு அர்த்தம் கூம் திருடன் என்பது. பிறகு தராசு முன்னால் நின்று யோசித்தான். இங்கே எடைக்கல் மாதிரி சின்னச் சுமையா வருகிறது? டிராக்டரை வாசலில் நிறுத்தி, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, உள்ளே தள்ளி, முதலில் அகப்படுகிற மூலையிலேயே இறக்கி வைப்பார்கள். இன்னும் இரண்டடி தள்ளி நடுவில் வைக்க யாருக்கு உடம்பு வணங்கும்?

சிமென்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, வாசல் பக்கத்து மூலையில் அடுக்கினான். சில மூட்டை வரை எண் ஒழுங்காக ஏறியது. அதற்கு மேல் பாதி பாதியாக ஏறியது.

வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, டார்ச்சை உள்ளே அடித்தான்.

மேடையின் ஒவ்வொரு மூலைக்கும் அடியில் எடையை உணர்கிற லோடு செல் ஒன்று இருக்கும். பக்கத்தில் ஒரு போல்ட் உண்டு. தராசை இடம் மாற்றும்போது லோடு செல் அடிபடாமல் இருக்க அந்த நான்கு போல்ட்டையும் மேலே ஏற்றி மேடைக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். வேலை முடிந்ததும் நான்கையும் முழுசாக இறக்கிவிடவேண்டும். மூன்று இறங்கியிருந்தன. வாசல் பக்கத்துப் போல்ட் பாதியில் நின்றது. அதன் தலைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளிதான். கொஞ்சம் சுமைக்கு மேடை அதைத் தொடாது. பெரிய சுமை ஏறினால் மேடை துளி இறங்கும், இறங்கிப் போல்ட் தலையில் உட்காரும். போல்ட் தாங்குகிற எடை மெஷினுக்குத் தெரியாது.

வசந்தத்தில் தரை போட்டபோது அந்தப் போல்ட்டுகளை ஏற்றியது அவன்தான். இறக்கியதும் அவன்தான். ஈஸ்டர் கழிந்த வாரம் அது. நான்காவது போல்ட்டில் ஸ்பானரை வைத்திருந்தபோது, ஸாகோர்கா வாசலிலிருந்து, "ஆட்டுக்கறி ஆறுது கூமே, வாங்க, மெஷின் எங்கயும் ஓடிப்போகாது" என்று கூப்பிட்டாள். ஒரு சுற்று சுற்றிவிட்டு எழுந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து முடிக்கலாம் என்று நினைத்ததுகூட நினைவிருந்தது. சாப்பிட்ட பிறகு விதோயே இன்னொரு கிளாஸ் ஊற்றினான், அப்புறம் பேச்சு, அப்புறம் வீடு.

படுத்தபடியே அவன் முகம் சுட்டது. பார்க்க ஒருவரும் இல்லை, ஆனாலும் காது மடல்வரை சுட்டது. டாக்டரம்மாவிடம் நாலு மூலை, சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அளந்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஸ்பானரை எடுத்துப் போல்ட்டை இறக்கினான். ஒரு நிமிஷ வேலை. மறுபடி மூட்டைகளின் எடையைப் பார்த்தான். எண் கச்சிதமாக நின்றது.

"யாரு அது?"

வாசலில் விதோயே நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

"நான்தான் கூமே."

"நீயா? என்ன, சொல்லாம கொள்ளாம? மெஷின்ல ஏதாச்சும் கண்டுபிடிச்சியா?"

இதோ, இந்த இடத்தில்தான் அவன் சொல்லியிருக்கவேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? வாய் திறந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் காதுக்குப் போனால், மாவு மில்காரன் காதுக்குப் போனால், இத்தனை பேரைக் கிண்டல் செய்த வாய் இனி எதைச் சொல்லி நடமாடும் என்று மனசில் ஓடியது. எதிரில் நிற்பது கூம் என்பதும் சேர்ந்துகொண்டது. மற்றவரிடம் ஒப்புக்கொள்ளலாம், இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் இல்ல. அடியில தூசி. சும்மா சுத்தம் பண்ணேன்" என்றான்.

விதோயே தலையாட்டினான். கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தான்.

"மெஷின்ல இருக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ பாத்ததுல எப்படி இருக்கும்? நானும் எல்லாத்தையும் பாத்துட்டேன். வெறும் பெட்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்துப் பாத்தேன். என் கண்ணு மங்குதோன்னு உஸிட்சே போயி கண் டாக்டரைப் பாத்தேன். தட்டுறப்ப விரல் எனக்குத் தெரியாம வேற நம்பரைத் தட்டுதோன்னுகூட நினைச்சேன். என்னை நானே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன் கூமே."

ஒப்ராத் ஸ்பானரைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு" என்றான் விதோயே. "என்னால உன் பேரும் கெட்டுப்போச்சு. திருடனோட கூம்னு உன்னையும் சொல்றாங்களாம். அதுக்கு நீ என்னை மன்னிக்கணும்."

"அதெல்லாம் விடு" என்றான் ஒப்ராத். சாப்பிட்டுப் போகச் சொல்லி ஸாகோர்கா கையைப் பிடித்தாள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினான். வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இனிமேல் எடை சரியாக வரும். ஊர் தானாக வாயை மூடும். எல்லாம் மறந்துபோகும். யாருக்கும் நஷ்டம் இல்லாமல் முடியும்.

அவன் போட்ட கணக்கு, பாவம், ஊரைத் தெரியாதவன் போட்ட கணக்கு.

*

எடை சரியாக வந்தது. அன்று சாயங்காலமே வந்தது. அடுத்த நாளும் வந்தது.

ஸாகோர்கா மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

"எடை சரியா வருது கூமே."

"அப்புறம் என்ன, நல்லதுதானே?"

"நல்லதா? இதுவரைக்கும் பாதிப் பேராச்சும் விதோயே அப்படிச் செய்யமாட்டான்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இப்ப ஒருத்தரும் இல்ல. கூம் வந்து மிரட்டிட்டுப் போயிருக்கான், அதான் திருடுறதை நிறுத்திட்டான்னு சொல்றாங்க. அன்னிக்கு உங்க வேன் நின்னதைப் பாத்திருக்காங்க. முதலாளியும் அதையேதான் சொல்றாரு. பேதுரு நாளோட இவருக்குக் கணக்கு முடிக்கிறாராம். இவர் ரொட்டிக்கு மாவு வாங்கவேண்டாம்னு மட்டும் சொல்லிட்டாரு."

ஒப்ராத் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கூமின் குற்றத்துக்குச் சாட்சி இல்லாமல் இருந்தது. தன் கையால், தன் ஸ்பானரால், ஒரு நிமிஷத்தில் அந்தச் சாட்சியை அவன் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

*

அன்று சாயங்காலம் கொள்முதல் நேரத்துக்குப் போனான். வரிசை சாலைவரை நின்றது. திஹோமிர் முதலாளி ஜீப்பில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். தராசுக்குப் பின்னால் விதோயே, தலை நிமிராமல், எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒப்ராத் தராசு முன்னால் போய் நின்றான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. குறைஞ்ச எடைக்கு விதோயே காரணம் இல்ல. தப்பு மெஷின்ல. மெஷின்ல தப்பு வந்தது என்னால. அடியில ஒரு போல்ட்டை நான் இறக்காம விட்டுட்டேன்."

ஸ்ரெதென் டிராக்டர் மேலிருந்து மெதுவாகக் கைதட்டினான். சிவந்த முகமும் பெரிய மீசையும் உள்ள ஆள். ஊரில் அதிகத் தோட்டம் அவனுக்குத்தான், அதிக வாயும் அவனுக்குத்தான்.

"சபாஷ் மாஸ்டர். கூம்னா இப்படி இருக்கணும். எனக்கும் வாய்ச்சிருக்கானே ஒரு கூம், டிராக்டரை இரவல் கேட்டா காய்ச்சல்னு படுத்துக்குவான்."

வரிசையில் சிரிப்பு.

"நான் பொய் சொல்லல, ஸ்ரெதென்."

"சொல்லணும் மாஸ்டர். கூமுக்காக கூம் பொய் சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா? நாங்க தப்பா எடுத்துக்கல. மரியாதையாத்தான் நினைக்கிறோம்." பின்னால் நின்ற கிழவர்கள் உண்மையாகவே தலையாட்டினார்கள். ஒருவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தட்டல் ஒப்ராத்துக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் தப்பைச் சொல்கிறான், அதற்குப் போய் நல்லவன் என்று பெயர் கிடைக்கிறது. அவன் நல்ல சட்டையோடு, சாறும் சேறும் குழைந்து கிடந்த தரையில் குப்புறப் படுத்தான். கையை உள்ளே விட்டு, பழைய இடம் வரைக்கும் போல்ட்டைத் திருகி ஏற்றினான்.

"உன் பெட்டியைக் கொண்டா ஸ்ரெதென். வீட்டுல நிறுத்துட்டுத்தானே வந்திருக்க? நீ எப்பவும் வைக்கிற இடத்துல வை. விதோயே, நீ தள்ளி நில்லு, எதையும் தொடாத. முதலாளி நம்பரைப் பாக்கட்டும்."

ஸ்ரெதென் தள்ளுவண்டியை உள்ளே விட்டு, வழக்கம்போல் வாசல் பக்கத்து மூலையில் இறக்கினான். எண்ணைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. ஒப்ராத் மறுபடி படுத்துப் போல்ட்டை இறக்கினான். கண்முன்னால் எண் ஏறியது.

வரிசை நெருங்கி வந்தது. ஸ்ரெதென் மட்டும் விடவில்லை.

"இது இன்னிக்கு நீங்க செஞ்சு காட்டுற வித்தை. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படி நம்புறது?"

இருந்த சாட்சியை அவன்தானே யாருக்கும் தெரியாமல் இறக்கிவிட்டுப் போனான்? ஒப்ராத் தரையிலிருந்து முழங்காலுக்கு நிமிர்ந்தான்.

"நான் அந்தப் பக்கமா வர்றதில்லையே" என்றது ஒரு குரல்.

பெர்சா. கொட்டகையின் பின்கதவில், கையில் இரண்டு பெட்டியோடு நின்றாள். அவள் தோட்டம் பின்னாலேயே இருந்தது.

"நான் எப்பவும் இந்தக் கதவாலதான் வர்றேன். இந்த மூலையிலதான் வைக்கிறேன். எனக்கு எடை குறைஞ்சதே இல்ல. ஏன் குறையலன்னு நீங்க எல்லாரும் என்னென்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியும்." அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "இப்பப் பேசுங்களேன், கேக்குறேன்."

ஸாகோர்கா வாசலுக்கு வெளியே தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப எங்க பழம் எங்க போச்சு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எங்கயும் போகல. முதலாளியோட குளிர்கிடங்குலதான் இருக்கு" என்றான் ஒப்ராத்.

எல்லோரும் ஜீப் பக்கம் திரும்பினார்கள். கொட்டகையிலிருந்து கிடங்குக்குப் போகிற வழியில் பழம் சாறு விட்டு வற்றும், எடை குறையும்; இந்த வருஷம் என்னவோ அதிகம் வற்றவில்லை, நல்ல பழம் என்று தன் மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்த திஹோமிர், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"குறைஞ்ச எடைக்குக் காசைக் கொடுத்துடலாம், கொடுத்துடலாம். நான் என்ன, மாட்டேன்னா சொன்னேன்?" என்றார்.

ஸ்ரெதென் தொப்பியைக் கழற்றினான். விதோயேவைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை, ஆகவே ஒப்ராத்தைப் பார்த்தான்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான் மாஸ்டர். ஆளுதான் சரியில்ல."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

விதோயே அதுவரை சுவரோரம் தள்ளியே நின்றான், தள்ளி நிற்கச் சொன்ன இடத்திலேயே. இப்போது தராசு பக்கம் வந்தான். ஒப்ராத் முழங்காலிலிருந்து எழுந்து நின்றான். முன்பக்கம் முழுவதும் சிவப்புச் சாறு.

"அன்னிக்கு மத்தியானம் நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றான் விதோயே, மெதுவாக. "அப்ப உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த மத்தியானத்துக்குச் சாட்சி சொல்ல எந்தப் பெர்சாவும் இல்லை.

"தெரியும்" என்றான் ஒப்ராத்.

விதோயே அவனைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் ஒப்ராத் தாங்கியிருப்பான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. புதிதாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அடுத்தது யாரு?" என்று விதோயே வரிசையைப் பார்த்துக் கேட்டான்.

*

பேதுரு திருநாளன்று கோயில் வளாகத்தில் நிற்க இடம் இல்லை. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். செய்த பாவத்துக்கு ஒரு துண்டு ரொட்டி வாங்கித் தின்றுவிட்டால் கரைந்துபோகும் என்று நம்புகிற முகங்கள். பெர்சா முன்வரிசையில் ஸாகோர்காவின் பக்கத்தில் நின்றாள். ஸாகோர்கா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

ஒப்ராத் வந்திருந்தான். வராமல் இருந்துவிடலாமா என்று காலை முழுவதும் யோசித்தான். வராவிட்டால் அது இன்னொரு ஒளிதல் என்று தோன்றியது. ரொட்டி வெட்டும்போது கூம்தான் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி பிடிக்கவேண்டும். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் வாதுமை மரத்தடியில் நின்றுகொண்டான். மெழுகுவர்த்தியை ஸ்ரெதென் பிடித்தான். தன் பெரிய கையால் சுடரைக் காற்றுக்கு மறைத்தபடி, மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

பாதிரியார் ரொட்டியில் ஒயினை ஊற்றினார். விதோயேவும் அவரும் சேர்ந்து ரொட்டியைச் சுற்றினார்கள், முத்தமிட்டார்கள், பிட்டார்கள். ஊர் ஒவ்வொருவராகப் போய் விதோயே கையிலிருந்து வாங்கியது. கிழவர்கள் அவன் தோளைத் தொட்டார்கள். ஒரு பெண் அழுதாள். விதோயே எல்லோருக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தான், உறவு சொல்லிக் கொடுத்தான். வாங்க சித்தப்பா, எடுத்துக்க மருமகளே, நல்லா இரு ஸ்ரெதென். ஒருவனைக்கூட அவன் முகம் கோணிப் பார்க்கவில்லை.

ஒப்ராத் கடைசி ஆளாகப் போய் நின்றான். தன்னைத் தாண்டிப் பார்ப்பானோ, கையை இழுத்துக்கொள்வானோ என்று பயந்தான். விதோயே இரண்டும் செய்யவில்லை. நல்ல துண்டாகப் பார்த்து, மேல்தோல் முறுகலாக இருந்த பக்கமாகப் பிட்டு, நீட்டினான்.

"எடுத்துக்குங்க மாஸ்டர்" என்றான்.

மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். மாவு மில்காரனும் அப்படித்தான் கூப்பிடுவான். ஒப்ராத் இரண்டு கையாலும் ரொட்டியை வாங்கிக்கொண்டான். அடுத்து யாரும் இல்லை, ஆனாலும் விதோயே அவன் நகர்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.